பாடு

மீஞ்சூர் ரயில் நிலையம். காலை.

கும்மிடிப்பூண்டி வண்டி இன்னும் வரவில்லை. நடைமேடையில் மீன்கூடை இருந்த இடம் வட்டமாக ஈரம். கூடையும் இல்லை, கூடைக்காரம்மாவும் இல்லை.

பின்னால் ஒருவர் போனில் பேசுகிறார்.

"சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். இனிமே உம் பாடு."

பேச்சு முடிகிறது.

தூரத்தில் வண்டியின் சத்தம். அந்தச் சொல் மட்டும் காதில் தங்கியிருக்கிறது.

*

அனுப்பம்பட்டு. பொன்னேரி.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். வயல். வேலிக்காத்தான். பிறகு வெளுத்த தரை.

உப்பு முதலில் மண்ணில் தெரிகிறது. அப்புறம் காற்றில். கடைசியில்தான் தண்ணீர்.

*

ஏரி.

கரை என்று ஒரு கோடு இங்கே இல்லை. சேறு மெல்ல நீராகிறது. நீர் மெல்ல வானமாகிறது.

ஒருவர் முழங்கால் ஆழத்தில் நடந்து போகிறார். வெகுதூரம் போன பிறகும் முழங்கால்தான். சராசரி ஆழம் ஒரு மீட்டரைச் சுற்றி என்று படித்தது, இப்போது அந்தக் கால்களில் தெரிகிறது.

வடக்கே ஆந்திரம். ஏரியின் பெரும்பகுதி அங்கே. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளும் மணல்திட்டு. தெற்கே ஆரணி ஆறு வந்து கலக்கிறது. இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது.

ஒரு மடவை துள்ளுகிறது.

திரும்புவதற்குள் வளையங்கள் மட்டும்.

*

படகுத்துறையில் இரண்டு பேர். ஒருவர் வலை பிரிக்கிறார். மற்றவர் பீடி பற்றவைக்கிறார்.

"இன்னிக்கு பாடு யாருது?"

"கோட்டக்குப்பத்தாருது."

"நேத்து மீன்பாடு எப்டி?"

"சுமாருதான்."

சொல் இரண்டு முறை வருகிறது. முதலில் வந்தது ஓர் இடம். அந்த இடத்துக்கான முறை. அந்த முறைக்கான உரிமை. அடுத்து வந்தது, வலையில் கிடைத்தது.

அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கத் தேவையும் இல்லை.

பீடிப் புகை நீரின் மேல் தாழ்ந்து போகிறது.

*

முகத்துவாரத்தை ஒட்டி, ஏரி கடலைத் தொடும் பக்கத்தில், நீர்ப்பரப்புகளுக்குப் பெயர் இருக்கிறது.

வடக்குப் பாடு. மூந்துறைப் பாடு. ஓடைப் பாடு.

எல்லைக்கல் கிடையாது. வேலி கிடையாது. எது எங்கே முடிகிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரிகிறது. கேட்டால் கையை நீட்டிக் காட்டுகிறார்கள். கை நீளும் திசையில் நீர்தான் இருக்கிறது.

*

இறால் கடலில் பிறக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக ஓதத்தோடு ஏரிக்குள் வருகிறது. இங்கே, சேற்றிலும் பாசியிலும், வளர்கிறது. வளர்ந்ததும் நீர் வற்றும் ஓட்டத்தோடு கடலுக்குத் திரும்புகிறது.

திரும்பும் வழியில் சேற்றில் ஊன்றிய கழிகள். கழிகளில் வலை.

வலை துரத்துவதில்லை. அது நிற்கிறது. ஏரி அதன் வழியாகப் போகிறது.

அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் ஓட்டம் கூடுகிறது. வேலை நாள் எது என்பதை நிலா சொல்கிறது. இரவில்தான் பெரும்பாலும்.

இருட்டில் நீர் போகும் ஓசையைக் கேட்டபடி இருப்பது எப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். நினைப்பு சிறிது தூரம் போய் நின்றுவிடுகிறது.

*

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வலைக்கு நிறைய. தள்ளி நிற்கும் வலைக்குக் கொஞ்சம்.

அதனால் சீட்டு.

பெயர்களைக் குலுக்கி எடுக்கிறார்கள். யாருக்கு எந்த இடம் என்பது சீட்டில் வருகிறது. நல்ல இடம் கிடைத்தவர் அங்கேயே இருந்துவிட முடியாது. முறை நகர்கிறது. ஊரிலிருந்து ஊருக்கு. ஆளிலிருந்து ஆளுக்கு.

அரசாங்கம் எழுதித் தந்த ஏற்பாடு அல்ல இது. தலைமுறை தலைமுறையாக ஊரே வைத்துக்கொண்டு, ஊரே காத்துவருவது. மீறினால் ஊர் அபராதம் போடுகிறது.

இது அழகாக இருக்கிறது. அந்த அழகோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

*

கொச்சியிலும் உண்டு. வைப்பின் தீவை ஒட்டிய காயலில், ஊன்றிய வலைகள் நிற்கும் இடத்துக்குப் பாடு என்றே பெயர். அங்கேயும் சீட்டு, அங்கேயும் முறை. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கழிநட்டு வலை கட்டுகிறவர்கள் சீட்டெடுத்துத்தான் இடம் பிடிக்கிறார்கள்.

மூன்று கரைகள். மூன்றிலும் கடலும் காயலும் சந்திக்கும் வாசல். மூன்றிலும் ஒரே கவலை: நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடக் கூடாது.

*

காற்று மாறுகிறது. வாடை.

கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் குளிர்கிறது.

*

படு என்பது பாடு ஆகிறது. கெடு, கேடு. சுடு, சூடு. முதல் எழுத்து நீண்டதும் வினை பெயராகிவிடுகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் இதைச் சொல்கிறது.

ஒரு குறில் நெடிலாகிறது. அவ்வளவுதான்.

வாய் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறது. மூச்சு கொஞ்சம் கூடுதலாக வெளியே போகிறது.

*

படு.

வெயில் படுகிறது. தூசி படுகிறது. கண்ணில் படுகிறது. மனசில் படுகிறது.

ஆசைப்படு. கவலைப்படு. வெட்கப்படு. எல்லாவற்றின் முடிவிலும் இந்த இரண்டு எழுத்து, யாரோ வந்து மேலே கை வைப்பதுபோல.

வலையில் மீன் படுகிறது.

படகு ஒன்று கரை சேர்கிறது. "நல்லா பட்டுச்சா?" என்று ஒரு குரல். பிடித்தாயா என்று அந்தக் குரல் கேட்கவில்லை.

பிடித்தேன் என்றால் அங்கே ஒருவன் நடுவில் நிற்கிறான். பட்டது என்றால் நீரும் வலையும் மீனும் இருக்கின்றன. அவன் ஓரமாக இருக்கிறான்.

ஓரமாக இருக்கிறவனுக்குத்தான் உடம்பெல்லாம் நனைந்திருக்கிறது.

*

பாடுபட்டு வளர்த்தேன்.

படாத பாடு பட்டேன்.

அன்றாடப் பாடு.

வயதான ஒருவர் கயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறார். உள்ளங்கையில் கயிறு ஓடிய தடம், வெளுப்பாக, அகலமாக. கையைத் திருப்பும்போது தெரிகிறது. திருப்பியதும் மறைகிறது.

மலையாளத்தில் தழும்புக்கும் தடத்துக்கும் பாடு என்றுதான் பெயர்.

*

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பலகை. சாப்பாடு ரெடி.

கண் கடைசி இரண்டு எழுத்தில் நிற்கிறது. சாப்பிடுவதும் ஒரு பாடு.

கிழங்கான் வறுவல். மேலே மிளகாய்த்தூள், உள்ளே வெள்ளை. முள் சுலபமாகப் பிரிகிறது. ஏரி வாயில் கொஞ்ச நேரம் உப்பாக இருக்கிறது.

*

கூப்பாடு. இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்கு.

உடன்பாடு. முரண்பாடு. பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

வழிபாடு. மாதா கோயிலில் மணி அடிக்கிறது. அம்மன் கோயிலில் வேப்பிலை காய்ந்திருக்கிறது.

ஈடுபாடு. குறைபாடு. பண்பாடு.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அடியில் அதே சேறு.

*

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை வெளிவந்த அந்த ஆறு தொகுதிகள், இந்தச் சொல்லுக்கு நீளமாகப் பொருள் தருகின்றன. நிகழ்ச்சி. வருத்தம். உறக்கம். ஓசை. பெருமை. பக்கம். கேடு.

வரிசையாகப் படித்தால் ஒரு மனிதரின் நாள்போல இருக்கிறது. ஒரு மனிதரின் ஆயுள்போலவும்.

தூங்குவது பாடு. விழுவது பாடு. சத்தமும் பாடு.

பக்கத்தில் இருப்பதும்.

*

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்.

1613-இல் அவர்கள் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதுதான் அவர்களுக்குத் தலைமை இடம், 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை. கோட்டை இருந்த இடத்தில் இப்போது மேடும் புதரும்.

இங்கிருந்து துணி போனது. வண்ணக் கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி. அது போன இடத்தில் இந்த ஊரின் பெயரே துணியின் பெயரானது. புலிகாட். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்தச் சொல்லைச் சொன்னவர்களுக்கு ஏரி தெரியாது.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து மனிதர்களும் போனார்கள். அடிமைகளாக, பத்தாவியாவுக்கு. அவர்களுடைய பெயர் எந்தத் துணிக்கும் வரவில்லை.

கல்லின் மேல் ஒரு ஓணான். அசையவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்குகிறது.

*

அவன் பாட்டுக்குப் போனான். மழை அது பாட்டுக்குப் பெய்கிறது.

பாடு என்பது கு சேர்ந்தால் பாட்டுக்கு. பாட்டு என்பது கு சேர்ந்தாலும் பாட்டுக்கு.

அவதியும் இசையும் வேற்றுமை உருபு வரும் இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. காது பிரித்துப் பார்ப்பதில்லை.

நீர் அதன் பாட்டுக்குப் போகிறது.

*

பூநாரைகள்.

தூரத்தில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு. கோடு சற்று நகர்கிறது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, சேற்றை அரித்துத் தின்கின்றன. நின்ற இடத்திலேயே காலால் மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்குகின்றன.

குளிர்காலம் முடிந்தால் போய்விடும். மழைக்குப் பின் மறுபடி வரும்.

அவற்றுக்கும் ஆழம் கூடினால் ஆகாது. ஏரி ஆழமில்லாமல் இருப்பதால்தான் வருகின்றன. ஆழமில்லாதது என்ற சொல்லைக் குறையாகச் சொல்லிப் பழகிய நாக்கு கொஞ்சம் தயங்குகிறது.

*

ராக்கெட் விடும் நாளில் இந்தப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். படகுகள் கரையில் நிற்கும்.

2023 ஜூலை 14, பிற்பகல் 2.35. சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நேரம்.

இங்கே அந்த நிலாவைப் பார்த்துத்தான் வலை கட்டுகிறார்கள். அதற்கு ஒரு கலம் புறப்பட, இவர்கள் கரையில் இருக்க.

அதைப் பெருமை என்றும் நினைக்க முடிகிறது. நாள்கூலி போனது என்றும். இரண்டும் மனதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மற்றதை எழுப்பவில்லை.

*

முகத்துவாரம் மணலால் அடைகிறது.

கரையோரமாக மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறு வேகமாக வரும் மழைக்காலத்தில் வாய் திறக்கிறது. வெயில் ஏற ஏறக் குறுகுகிறது. சில ஆண்டுகளில் மூடியே விடுகிறது.

மூடினால் ஓதம் இல்லை. ஓதம் இல்லாவிட்டால் இறால் குஞ்சு உள்ளே வர வழி இல்லை. உள்ளே இருப்பது வெளியே போகவும் வழி இல்லை. வலை நின்றுகொண்டுதான் இருக்கும். அதன் வழியாக எதுவும் போகாது.

அப்போது மண்வெட்டியோடு போய் மணலை வெட்டித் திறக்கிறார்கள். கடல் மறுபடி மூடுகிறது. மறுபடி வெட்டுகிறார்கள்.

இதற்கும் பாடு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் தானே உள்ளே வந்தது. அதைப் பற்றி இங்கே யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. தொடங்கினால் முடிப்பதும் இல்லை.

*

தெற்கே, கரையோரமாகப் போனால், காட்டுப்பள்ளி. துறைமுகத்தின் தூக்கிகள் தெரிகின்றன. அங்கேதான் மீஞ்சூர் கடல்நீர் ஆலை. 2010-இல் கடல்நீரை உப்பு நீக்கிக் குடிநீராக்கத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் வரை.

சென்னையில் ஒரு டம்ளரில் இருக்கும் நீர் இந்தக் கரையைத் தாண்டிப் போயிருக்கலாம்.

அந்த நீருக்குச் சீட்டு யார் எடுப்பது என்று ஒரு நினைப்பு வருகிறது. வந்து, நிற்கிறது. போகவில்லை.

*

எற்பாடு.

எல் என்றால் கதிரவன். எல் படும் நேரம் எற்பாடு. நெய்தல் நிலத்துக்கு உரிய சிறுபொழுது அது என்று தொல்காப்பியம் வகுக்கிறது. குறிஞ்சிக்கு நள்ளிரவு, முல்லைக்கு மாலை. கடற்கரைக்குக் கதிர் சாயும் பொழுது.

கடற்கரைக்குக் கிடைத்த நேரத்திலும் பாடு இருக்கிறது.

இங்கே கடல் கிழக்கே. கதிர் சாய்வது ஏரியின் பக்கம். கடலுக்கு முதுகைக் காட்டித்தான் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதுகில் அலையின் சத்தம். முகத்தில் சத்தமே இல்லாத நீர்.

நீர் முதலில் மஞ்சள். பிறகு செம்பு. பிறகு பெயர் இல்லாத ஒரு நிறம்.

கழிகளின் நிழல் நீளுகிறது. நீண்டு, இன்னொரு கழியின் காலைத் தொடுகிறது.

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

எதையோ எழுத நினைத்த கை அப்படியே இருக்கிறது.

*

நீரில் தலைகள்.

பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம், கழுத்தளவு நீரில் சில பெண்கள். இருளர்கள். நிற்கவில்லை, சேற்றில் மண்டியிட்டு நகர்கிறார்கள். கைகள் நீருக்குள். கண்கள் எங்கேயோ. விரல்தான் பார்க்கிறது. இறால் விரலில் படுகிறது.

பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பேச முடியாது. பேச்சில்லாமல் வேலை நடக்கிறது. அவ்வப்போது ஒரு கை மேலே வந்து பறிக்குள் எதையோ போட்டுவிட்டு மறுபடி அமிழ்கிறது.

வலை இல்லை. படகு இல்லை. கழி இல்லை.

கரையேறும் ஒருவரின் விரல்களில் கீறல்கள். சில புதிது. இறாலின் முள்ளும் சிப்பியின் ஓரமும் கீறியவை.

அவர் பறியைக் கீழே வைக்கிறார். தாடையை மெல்லத் தடவிக்கொள்கிறார்.

*

அழகாக இருக்கிறது என்று நினைத்த அந்தச் சீட்டு மறுபடி மனதில் வருகிறது.

இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. அதில் பெயர் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுப்பதில்லை. நல்ல இடத்தையும் கெட்ட இடத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள். மீன் குறையும்போதும் முறை குலைவதில்லை.

சீட்டு ஒரு வட்டம். வட்டத்துக்கு உள்ளே எல்லோரும் சமம். வட்டத்தின் கோடு எங்கே போகிறது என்பது சீட்டில் வருவதில்லை. பிறப்பில் வருகிறது.

பாடு இல்லாத ஊர்கள் தங்களுக்கும் இடம் கேட்டிருக்கின்றன. சண்டை வந்திருக்கிறது. ஏரி சுருங்கச் சுருங்கக் கேள்வி பெரிதாகிறது. கேட்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. காப்பவர்களின் அச்சமும் பொய்யில்லை: எல்லோரும் இறங்கினால் ஏரி எத்தனை நாளைக்கு.

பக்கத்துப் படகில் ஒருவர் சீட்டியடிக்கிறார். பாதியில் நிறுத்துகிறார்.

*

பழவேற்காட்டில் பாட்டு உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் என்ற மூன்று ஊர்களில், பட்டினவர் சமூகத்துத் தலைக்கட்டு ஆண்களுக்கு மரபாக உரியது. நீரில் மண்டியிட்டு இறால் பொறுக்கும் இருளர் பெண்களின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.